குதிரைக்காரன் வரும் வாரங்கள்

விழுப்புரம் ஸ்டேஷன் ரோட்டில் எனக்கு ஒரு பைண்டிங் கடை இருந்தது. கடை என்றால் ஒரு பலகை, தையல் ஊசி, பசைச் சட்டி, வெட்டுக் கத்தி. ஒலக்கூர்ப் பக்கம் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவன் நான். வந்தவர்கள் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசவே கூச்சப்படுவேன். சொன்னதைத் தைத்துக் கொடுப்பேன்.

அப்போதெல்லாம் வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து வைப்பார்கள். கதை முடிந்ததும் பைண்டு செய்யக் கொண்டு வருவார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வக்கீல் அப்படி ஒரு சரித்திரக் கதையைக் கொண்டு வந்தார். அந்த ஊரே மூன்று வருடமாகப் பேசிக்கொண்டிருந்த கதை. எதிரிகளிடமிருந்து தப்பி மலைக்கோட்டைக்குப் போகும் ஓர் இளவரசனைப் பற்றியது.

தாள்களை அடுக்கிப் பார்த்தேன். ஒரே புத்தகமாகத் தைத்தால் முதுகு வெடித்துவிடும்.

"ரெண்டாப் போட்டுடலாங்க" என்றேன்.

"ரெண்டாப் போட்டா எவனாவது ஒண்ண வாங்கிட்டுப் போயி தொலைச்சிடுவான். ஒண்ணாத்தான் வேணும்." சற்று யோசித்தார். "அந்தக் குதிரைக்காரன் வர்ற வாரத்தையெல்லாம் எடுத்துடு. கதைக்கு ஒண்ணும் கொறையாது."

"எடுத்த தாளுங்க?"

"எடைக்குப் போட்டுக்கோ. பொட்டலம் கட்ட ஆவும்."

எடுத்துவிட்டேன். வக்கீலின் புத்தகம் சிவப்புக் காலிகோ துணி அட்டை போட்டுக் கம்பீரமாகப் போயிற்று. மிச்சத் தாள்களை எடைக்குப் போட மனம் வரவில்லை. வரிசைப்படுத்திப் பார்த்தால் அதுவே ஒரு கதையாக இருந்தது. இளவரசனின் குதிரைக்குக் கொள்ளு வேகவைப்பவன். அதன் குளம்பில் முள் ஏறினால் பிடுங்குபவன். பாளையத்தில் அவன் மனைவி நிறைமாதமாக இருக்கிறாள். பேறுகாலத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுக் குதிரையை ஓட்டிக்கொண்டு கோட்டைக்குப் புறப்படுகிறான். கதை எழுதியவர் அவன் பெயரை எங்கும் சொல்லவில்லை. நான் அட்டை போட்டு, முதுகில் 'குதிரைக்காரன்' என்று எழுதினேன்.

கடை வாசலில் தன் குதிரை வண்டியை நிறுத்தும் ஜட்காக்காரருக்கு எழுத்து தெரியாது. மதியம் கேப்பைக் கூழைக் குடித்துவிட்டு என் பலகை ஓரம் உட்காருவார். அவருக்கு எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்துக் காட்டினேன். கொள்ளு வேகவைக்கும் இடம் வந்தால், "அவ்ளோ தண்ணி ஊத்தக்கூடாதுப்பா, வயித்தாலபோவும்" என்று கதைக்காரனையே திட்டுவார். கடைசித் தாள் முடிந்ததும் என்னைப் பார்த்தார்.

"அப்புறம்?"

"இவ்ளோதாண்ணே இருக்குது."

"இன்னாப்பா பேஜாரு பண்ற? பொண்டாட்டிகிட்ட போய்ச் சேந்தானா இல்லியா?"

எனக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. வேறொரு கோர்ட்டுக் கட்டைத் தைத்துக் கொடுக்கப் போனபோது வக்கீலிடம் கூச்சத்தை விட்டுக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"அவனா? அவன் செத்தே போயிட்டாம்பா."

சிவப்புப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். இளவரசனின் வீரத்தைச் சொல்லும் அத்தியாயத்தின் நடுவே ஒரே வரி. குதிரைக்காரன் அம்பு பட்டு விழுந்தான். அடுத்த வரியில் இளவரசன் வேறு குதிரைக்கு மாறிவிட்டான். அதே சண்டையில் பழைய குதிரை செத்ததற்கு அரைப் பக்கம் அழுகை இருந்தது. இவனுக்கு இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஜட்காக்காரரிடம் சொன்னபோது அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார்.

"ஒரு வார்த்தை கேக்கலியா அந்த ராசா மவன்? அந்தப் பொண்ணு அங்க வயித்தத் தள்ளிக்கினு காத்துனு இருக்குதே!"

அந்தக் கோபத்தில்தான் எழுதினேன். என் புத்தகத்தைப் பிரித்து, பின்னால் வெள்ளைத் தாள் வைத்துத் தைத்து, பென்சிலால் எழுதினேன். அவனைப் பிழைக்க வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அது இன்னொரு பொய் ஆகிவிடும். அவன் மனைவி கைக்குழந்தையோடு கோட்டைக்கு வருகிறாள். பட்டாபிஷேகக் கூட்டத்தில் நின்று, "எம் புருசன் எங்க?" என்று கேட்கிறாள். இளவரசன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவள் நகரவில்லை. அதோடு நிறுத்தினேன்.

ஒரு வருடம் கழித்து வக்கீல் கடைக்கே வந்தார். சென்னையிலிருந்து வந்த சம்பந்தி புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "அரைக் கதைதான் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டாராம்.

"அந்தத் தாளெல்லாம் இருக்குதா? சேத்து ரெண்டு வால்யூமாப் போட்டுடு."

அதற்குள் பலகை மேல் இருந்த 'குதிரைக்காரன்' புத்தகத்தைப் பார்த்துவிட்டார். எடுத்துப் புரட்டினார். பென்சில் எழுத்தை வாய்விட்டுப் படித்தார், ஒவ்வொரு பிழையிலும் நிறுத்தி நிறுத்தி. வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடேங்கப்பா! நீயும் ஆசிரியர் ஆயிட்டியா? இந்தக் கிறுக்கலக் கிழிச்சிப் போட்டுட்டு மீதியப் பிரி."

"பிரிக்கிறேங்க" என்றேன். "அவன் விழுந்தான்னு வர்ற எடத்துல என் தாளும் உள்ள சேரும். இல்லன்னா பிரிக்க மாட்டேங்க."

"டேய், இது என் தாள்டா!"

"எடைக்குப் போடுன்னீங்களே."

அவர் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினேன். பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் முகத்தை அன்றுதான் முதல்முறையாக நேராகப் பார்த்தேன். அவர் படி இறங்கிப் போனார். அதன்பிறகு அவர் வீட்டுக் கட்டு ஒன்றும் வரவில்லை. மற்ற வக்கீல்களும் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திவிட்டார்கள். அதுவரை கோர்ட்டு வேலைதான் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது. அந்த வருடம் முழுக்கப் பள்ளிக்கூட நோட்டு தைத்தே ஓட்டினேன். கோபம் மட்டும் குறையவில்லை. இளவரசன் மேலா, எழுதியவர் மேலா, வக்கீல் மேலா என்று பிரித்துப் பார்க்கவும் தோன்றவில்லை.

அன்று வக்கீல் படி இறங்கியதும் ஜட்காக்காரர் வந்து பலகை ஓரம் உட்கார்ந்தார்.

"படி" என்றார்.

"எங்கேர்ந்துண்ணே?"

"அந்தப் பொண்ணு கேக்குதே, அங்கேர்ந்து. அந்தாளு இன்னும் தெரு தாண்டல. ஜல்தி."

படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன், ஆனால் ஸ்டேஷன் ரோடு முழுக்கக் கேட்கும்படி.