தையல் அறையில் தங்கையின் ஆபீஸ்

என் தங்கை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முடிவுகளைச் சரிபார்ப்பவள். அவள் சரி என்று சொல்லாமல் ஒரு தாள்கூட நோயாளியின் கைக்குப் போகாது. நான் எட்டாவதோடு நின்றவள். அவள் படிப்பைப் பற்றி யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்.

போன மாதம் கூடத்துப் படிக்கட்டில் விழுந்து அவளுக்கு முழங்கால் எலும்பு முறிந்தது. மூன்று மாதம் கால் ஊன்றக்கூடாது. அந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு பிடிமானம் இல்லை. வீட்டிலிருந்தே பார்க்கிறேன் என்று மேலாளரிடம் கெஞ்சி ஒருவழியாகச் சம்மதம் வாங்கினாள். என் தையல் அறையில் இருக்கும் டெஸ்க்டாப்பைத் துடைத்து, அவள் கால் நீட்ட ஒரு ஸ்டூலும் போட்டேன்.

வெளியிலிருந்து கூடத்தின் கணினிகளோடு சேர விபிஎன் என்ற பாதுகாப்பான பாதை வேண்டும். இன்னார்தான் வருகிறார் என்று காட்ட, டிஜிட்டல் சான்றிதழ் ஒன்று நம் கணினியில் இருக்க வேண்டும். கூடத்தின் கம்ப்யூட்டர்காரர் அதை அனுப்பிவிட்டு, போனில் வழி சொன்னார்.

"ஒரு தடவை ஏத்திட்டா ஒரு வருஷத்துக்குக் கவலையில்லம்மா. எல்லாருக்கும் அப்படித்தான்."

ஏற்றினாள். சேரவில்லை. பொருத்தமான சான்றிதழ் இல்லை என்றது திரை.

"உன் கம்ப்யூட்டர் என்னைக் கண்டாலே முறைக்குதுக்கா."

"நீ முறைச்சா அதுவும் முறைக்கும். நிதானமா பாருடி."

கம்ப்யூட்டர்காரரிடம் மறுபடி கேட்டதில் தெரிந்தது, சான்றிதழைக் கணினிக்கான இடத்தில் வைத்துவிட்டாள். பயனருக்கான, அதாவது அவளுக்கான, இடத்தில் வைத்திருக்க வேண்டும். மறுபடி ஏற்றினாள். இந்தத் தடவை சேர்ந்துகொண்டது. எனக்கு மனசு ஆறவில்லை. சான்றிதழைத் திறக்கச் சொல்லி ஒரு வரி விடாமல் வாசித்தேன். அவள் பெயர், கொடுத்தவர் பெயர், செல்லுபடியாகும் கடைசி நாள்.

"இந்த மாசம் முப்பதுன்னு போட்டிருக்கேடி?"

அவள் போனை வெடுக்கென்று எடுத்து, கம்ப்யூட்டர்காரரை ஸ்பீக்கரில் பிடித்தாள். "அண்ணே, எனக்கு மட்டும் ஏன் மாசக் கடைசி?"

அவர் தொண்டையைச் செருமினார். "சொன்ன தேதியத்தாம்மா போட்டேன். மேனேஜரையே கேட்டுருங்க."

கேட்டாள். "அடுத்த மாசம் எனக்கு வேலை இருக்கா சார், இல்லையா? ஒண்ணைச் சொல்லுங்க."

"முதல்ல கால் குணமாகட்டும்மா. அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

"அப்புறம்னா எப்ப சார்?"

போன் துண்டிக்கப்பட்டிருந்தது.

நான் என்னென்னவோ திட்டினேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரிபார்க்க வேண்டிய முடிவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன.

"இவங்க என்ன பண்ணினாங்கக்கா, பாவம். ரிசல்டுக்குக் காத்துக்கிட்டிருப்பாங்க" என்றாள். முதல் முடிவைத் திறந்தாள். ஒரு எண்ணில் சந்தேகம் வந்து, அதையே திரும்பத் திரும்பப் பார்த்தாள்.