டி டிரைவில் இருந்த பாட்டுகள்

போன வருடம் மழை தொடங்குகிற நேரம். அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில், விண்டோஸ் பத்துக்கு இனி அப்டேட் கிடையாது என்ற அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. புதிய விண்டோஸைத் தாங்கும் வலு அந்தப் பழைய பெட்டிக்கு இல்லை. நான் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. வீடியோக்களைப் பார்த்து, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மல்லுக்கட்டி நிறுவிவிட்டேன். ஆன் செய்துவிட்டு டீ குடித்து வந்தாலும் திறக்காத பெட்டி, சட்டென்று விழித்துக்கொண்டது. அதன்பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் லினக்ஸ் புராணம்தான்.

அதைக் கேட்டுத்தான் எங்கள் தெரு டீச்சர் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறவர். சர்ச் பாடகர் குழுவையும் அவர்தான் நடத்துகிறார். பாட்டுகளை அவரே எழுதி மெட்டுப் போடுவார். பல வருடப் பாட்டுகளும் ஒத்திகைப் பதிவுகளும் அந்த லேப்டாப்பில்தான் இருந்தன. காப்பி எடுத்தாயிற்றா என்று கேட்டேன்.

“எல்லாம் டி டிரைவுலதாண்ணே இருக்கு. அதுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

கடைகளில் விண்டோஸை மறுபடி ஏற்றும்போது, டிஸ்க்கில் அது இருக்கும் பகுதியான சி டிரைவை மட்டும்தான் அழிப்பார்கள். டி டிரைவ் தப்பித்துவிடும். அந்த நம்பிக்கையில் அவர் கேட்டார். நானும் யோசிக்காமல் தலையாட்டினேன்.

லினக்ஸ் நிறுவும்போது, டிஸ்க் முழுவதையும் அழிக்கவா அல்லது நீங்களே இடம் பிரித்துத் தருகிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். எங்கள் வீட்டுப் பெட்டியில் முழுவதையும் அழித்துத்தான் போட்டிருந்தேன். கை பழக்கத்தில் அதையே தொட்டது. எச்சரிக்கையும் வந்தது. படிக்காமல் அழுத்தினேன். எல்லாம் முடிந்து டி டிரைவைத் தேடியபோதுதான் உறைத்தது. சி, டி எல்லாமே போயிருந்தன.

மறுநாள் காலை டீச்சர் வந்தார். வாயைத் திறக்கும்வரை உண்மையைச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஆனால், டிஸ்க் பழசு, பாதியிலேயே பழுதாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவர் லேப்டாப்பை என் பக்கமே தள்ளிவைத்தார்.

“நீங்க என்னண்ணே செய்வீக? அந்த டிஸ்க்கத் தூரப் போட்டுருங்க. உங்க லீவு நாளையும் கெடுத்துட்டேன்.”

எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

லினக்ஸ் பற்றித் தமிழில் பேசிக்கொள்ளும் ஓர் இணையக் குழுவில் உதவி கேட்டேன். அங்கேயும் டிஸ்க் பழுது என்றே எழுதினேன். முகம் தெரியாத ஒருவர் மட்டும், ஒரு கட்டளையைக் கொடுத்து, அதற்குத் திரையில் வருவதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டுத் தனியாக எழுதினார்: “டிஸ்க்கில் பழுதே இல்லை. முழுசா அழிச்சுப் புதுசா போட்டிருக்கீங்களா?”

ஆமாம் என்றேன். அவர் திட்டவில்லை. முதலில் லேப்டாப்பை அணைக்கச் சொன்னார். அழித்தாலும் பழையவை டிஸ்க்கிலேயே கிடக்கும், ஆனால் புதிதாக எது பதிவானாலும் அது பழைய பாட்டுகளின் மேல்தான் பதியும் என்று விளக்கினார். நான் பொய் சொல்லிவிட்டு முழித்துக்கொண்டிருந்த மூன்று நாட்களும், அந்த லேப்டாப் அது பாட்டுக்கு அப்டேட்களை இறக்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் லீவு போட்டேன். அவர் சொன்னபடி பென் டிரைவிலிருந்து லேப்டாப்பைத் திறந்து, வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, அழிந்ததைத் தேடியெடுக்கும் மென்பொருளை ஓடவிட்டேன். பகல் முழுக்க ஓடியது. சாயங்காலம் பார்த்தால், பெயர்கள் இல்லாமல் வெறும் எண்களோடு ஆயிரக்கணக்கான கோப்புகள். ஒன்றைத் திறந்தேன். நாலைந்து பெண்கள் பாட, நடுவில் டீச்சர் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து பாடச் சொல்லும் குரல்.

லேப்டாப்பையும் ஹார்ட் டிஸ்க்கையும் அப்படியே எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பாடகர் குழு ஒத்திகைக்கு வந்திருந்தது. டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து மீட்டுவிட்டார் என்று எல்லோரிடமும் என்னைக் காட்டிச் சொன்னார். அத்தனை முகங்களும் என்னைப் பார்த்துச் சிரித்தன. சும்மா இருந்திருந்தால் நான்தான் அன்றைக்குப் பெரிய மனிதன். இருக்க முடியவில்லை.

“டிஸ்க்கு கெடல டீச்சர். நான்தான் அழிச்சேன். பயந்துபோயிப் பொய் சொல்லிட்டேன்.”

டீச்சர் மெல்லக் கேட்டார். “தூரப் போடச் சொன்னேனே. அப்பக்கூடச் சொல்லத் தோணலையாண்ணே?”

ஒரு வாரம் அவர் என்னிடம் பேசவில்லை. அடுத்த ஞாயிறு மதியம் லேப்டாப்போடும் அந்த ஹார்ட் டிஸ்க்கோடும் வந்தார். பதிவுகளுக்குப் பெயர் போட வேண்டும், டைப் அடித்துத் தாருங்கள் என்றார். பாட்டு தொடங்கிய உடனே அவருக்கு அடையாளம் தெரிந்துவிடும். ஒன்றில் லாரி ஹாரன் கேட்டது. மெயின் ரோட்டு ஓரம், பந்தல்குடியில் பாடியது என்றார். சில பதிவுகள் பாதியில் அறுந்தன. ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு இரண்டு வரியோடு நின்றது. மீதி வரிகள் அவருக்கே நினைவில் இல்லை. அந்த மூன்று நாள் அப்டேட்டில்தான் அது போயிருக்க வேண்டும். நான் அதையும் சொன்னேன். அவர் அடுத்த பாட்டைப் போடச் சொன்னார்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது லேப்டாப்பைக் கையில் எடுத்தார். “லினக்ஸே இருக்கட்டும்ணே, நல்லா வேகமாத்தான் இருக்கு. ஆனா இனிமே எத அழிச்சாலும் என்னையப் பக்கத்துல வச்சுக்கிட்டு அழிங்க.”

இப்போதும் லினக்ஸ் போட்டுத்தரச் சொல்லி யாராவது வருகிறார்கள். அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்து, திரையில் வரும் எச்சரிக்கையை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அழுத்துகிறேன். அன்று காலையிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வெட்கத்தோடு போயிருக்கும். சொல்லாமல் தள்ளிப்போட்ட மூன்று நாட்களுக்கு, ஒருவர் மனமுருகி எழுதிய பாட்டு விலையாகிப் போனது என்பதை நினைக்காமல் ஒரு கிறிஸ்துமஸைக்கூட இனி என்னால் கடக்க முடியாது.