கால் பார்க்கும் இத்ரூஸ்

விடிகாலைப் பெரட்டில் பேர் கொடுத்த ஆட்கள் கொழுந்துக் கூடையோடு மலையேறி மறைந்ததும், இத்ரூஸ் மருந்துச்சாலைப் படியில் உட்கார்ந்து, பிளேன்டிக் கோப்பையை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் கால்களைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். முகங்களைப் பார்க்க வழியில்லை. அந்த மலையில் காலைப் பனிமூட்டம் கீழேயிருந்துதான் கலையும். ஏழு மணிக்குப் பாதையும் அதில் நடக்கும் கால்களும் மட்டும் தெரியும். உடம்பில்லாத கால்கள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள்ளிருந்து இறங்கி வரும், வாசலைக் கடக்கும், மறுபடி வெள்ளைக்குள் போய்விடும். "இது மூணாம் லயத்துக் கால். குதிய இழுக்குது," என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். "இது புதுக் கால். யாருட புள்ள?" கோப்பையில் தேநீர் ஆறிப்போய்விடும். அதை அவர் ஒரு நாளாவது சூட்டோடு குடித்ததாகச் சொல்வாரில்லை.

மடுல்சீமை மலைகளில், லொறிகூட யோசித்து யோசித்து ஏறுகிற ஒரு தோட்டத்துக்கு அவர் டிஸ்பென்சர். பதினெட்டு வருஷமாக இருக்கிறார். பதுளைக் கடைத்தெருவில் அவருடைய அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் துணிக்கடை வைத்திருக்கிறார்கள். "நாங்க சாரத் துணி அளக்கிறோம், இவரு புள்ளைகள்ட கால அளக்கிறாரு," என்பது அந்தக் குடும்பத்தின் பழைய கேலி. அதில் பொய்யில்லை. முழங்கை தேய்ந்த அவருடைய கம்பளிக் கோட்டுப் பையில் எப்போதும் முடிச்சுப் போட்ட ஒரு நூல் கிடக்கும். பிள்ளையைப் படுக்க வைத்து, இடுப்பெலும்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் அந்த நூலைப் பிடித்து, இரண்டு காலும் ஒரே நீளமா என்று பார்ப்பார். அதே பையில் கித்துல் கருப்பட்டித் துண்டுகளும் கிடப்பதால் நூல் எப்போதும் பிசுபிசுவென்று இருக்கும்.

எந்த நோய் என்று வந்தாலும் பிள்ளைகளுக்கு அவர் சொல்லும் முதல் வார்த்தை ஒன்றுதான். "சும்மா நட பாப்பம்." நடந்தால், "குந்து பாப்பம்." குந்தினால், "நொண்டி அடி பாப்பம்." இதெல்லாம் முடிந்து கருப்பட்டி வாயில் போன பிறகு, குரலை இறக்கிக் கேட்பார்: "ராவைக்கி என்ன கனவு கண்டீங்க மகள்?" கேட்டுவிட்டு அவரும் கண்ணைப் பாதி மூடிக்கொள்வார். பிள்ளை சொல்லச் சொல்ல, தானும் அந்தக் கனவுக்குள் போய் ஒரு மூலையில் நின்று பார்க்கிற முகம். வெளியே வரிசையில் நிற்கும் பெண்கள், "ஐயா தூங்கிட்டாருடி," என்று சிரிப்பார்கள். தலைவலி என்று போனாலும் காலைத் தூக்கச் சொல்லுவார் என்பது தோட்டம் முழுக்கப் பேச்சு. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கனவுகளைப் பதிவேட்டில் குறிப்புக் கட்டத்தில் எழுதியும் வைப்பார். மாதம் ஒருமுறை வரும் பெரிய டொக்டர் ஒரு தடவை அதைப் புரட்டிவிட்டு, "வயிற்றோட்டத்துக்கும் சிரங்குக்கும் நடுவில் இந்த யானை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். "அது புள்ளைட கனவு, சேர்," என்றார் இத்ரூஸ், மிகவும் பணிவாக. கை நடுங்குகிறது என்று கொண்டுவரப்பட்ட ஒரு பையனின் கனவில் ஒவ்வொரு நாளும் தொரை பங்களா நாய் வந்தது. அவனுக்கு அவர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு இன்றும் அந்தத் தோட்டத்தில் பிரபலம்: நாயைக் கட்டவும், தினம் மூன்று வேளை. தொரை அதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தாராம். ஆனால் நாயைக் கட்டிவிட்டார். பையனின் கை நடுக்கமும் நின்றுவிட்டது.

இவ்வளவு வேடிக்கையான மனிதருக்கு உள்ளே ஒரு முள் உண்டு. பத்து வருஷத்துக்கு முன்னால் அழகையா என்ற ஏழு வயதுப் பையன் முழங்கால் வலி என்று வந்தான். தோட்டத்தில் முழங்கால் வலிக்காத ஆள் கிடையாது. நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிற சனம். வரிசையில் அவனுக்கு முன்னால் நின்ற பெண்களுக்கு ஊற்றிய தைலத்தையே அவனுக்கும் ஊற்றிக் கொடுத்தார். மூன்று மாதம் ஊற்றினார். நோய் இருந்தது இடுப்பு மூட்டில். இடுப்பில் நோய் வந்தால் பிள்ளைகளுக்கு முழங்காலில் வலிக்கும் என்று அவர் படித்த புத்தகத்திலேயே இருந்தது. வரிசையின் அவசரத்தில் மறந்துபோனது. தெரியவந்தபோது மூட்டு கெட்டுவிட்டிருந்தது. அழகையாவுக்கு இப்போது பதினேழு வயது. ஒரு கால் குட்டை. தொழிற்சாலைக்குப் போகும்போது ஒவ்வொரு காலையும், "சலாமுங்க ஐயா," என்று சிரித்துவிட்டுப் போகிறான். அவன் ஒரு நாள் கோபித்துத் திட்டினாலாவது மனம் கொஞ்சம் ஆறும் என்று இத்ரூஸ் தன் மனைவி ஸவாஹிராவிடம் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து, பிள்ளை விரல் வைத்துக் காட்டும் இடத்தை அவர் முதலில் தொடுவதே இல்லை. அதற்கு மேல் மூட்டிலிருந்து தொடங்குவார்.

பெரியாயி வந்தது எழுபத்து நாலாம் வருஷக் கடைசியில். அரிசியும் மாவும் கண்ணில் படாத வருஷம். மேல்மலை லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்து கொழுந்தெடுக்கும் கருப்பம்மாவின் மகள்; எட்டு வயது. இரண்டு மாதமாக இடது இடுப்பைத் தள்ளித் தள்ளி, சாய்ந்து நடக்கிறாள். பேச்சும் குறைந்துவிட்டது. பெரிய டொக்டர் போன வாரம் அவளைப் பார்த்துவிட்டு, இடுப்பு மூட்டாக இருக்கலாம், கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்று கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். மூட்டு நோய் என்றால் காலில் பாரம் கட்டி மாதக் கணக்கில் படுக்கப் போடுவார்கள்.

"மூணு மாசம் கட்டில்ல கட்டிப் போட்டா இவ எந்திரிக்க மாட்டாங்க ஐயா," என்றான் தகப்பன் சின்னராசா. "ரெண்டு மாசத்துக்கு முன்னாடிதான் சின்னவன வாரிக் குடுத்தோம். வெள்ளிக்கெழம கோடாங்கிய வச்சுப் பேய் பிசாசான்னு பாக்கலாம்னு இருக்கேன். நீங்க லொறியில ஏத்தச் சொன்னா ஏத்துறேன். ஒங்க வார்த்ததான்."

லொறி வியாழக்கிழமை மூன்று மணிக்குப் பதுளைக்கு இறங்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இத்ரூஸும் அதில்தான் ஊருக்குப் போவார். அந்த வியாழன் அவர் போகிற முறை. கடிதம் கோட்டுப் பையில் கருப்பட்டியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

வியாழன் காலையிலிருந்து பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொண்டார். நடக்கவிட்டார், குந்தச் சொன்னார், நொண்டி அடிக்க வைத்தார். இரண்டு காலிலும் அடித்தாள். படுக்க வைத்து நூல் பிடித்தார். முடிச்சு இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வந்தது. காலை மடக்கி உள்ளேயும் வெளியேயும் திருப்பினார்; எண்ணெய் போட்ட கீல் மாதிரி திரும்பியது, பிள்ளை முகம் சுளிக்கவில்லை. காய்ச்சல் இல்லை, மெலிவும் அந்த வருஷத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ள மெலிவுதான். படுத்தால் நேராக இருக்கிற இடுப்பு, எழுந்து நின்றதும் இடது பக்கம் பிதுங்கிக்கொண்டு போயிற்று. கனவு கேட்டார். "ஒண்ணும் இல்லீங்க," என்றாள்.

இடுப்பில் ஒன்றுமில்லை என்று கைகள் சொல்லின. அவர் தன் கைகளை நம்பவில்லை. அன்றைக்கு அழகையாவுக்குத் தைலம் ஊற்றியதும் இதே கைகள்தானே. அனுப்பினால், நோயில்லாத பிள்ளையைத் தாயில்லாத இடத்தில் கட்டிப் போட்டதாகலாம். அனுப்பாவிட்டால், காலமெல்லாம் சலாம் சொல்லிப் போக இன்னொரு பிள்ளை. அவருக்குப் பயமாக இருந்தது. மத்தியானம் மூட்டம் மறுபடி இறங்கி சன்னலை மூடிக்கொண்டபோது, பயத்தோடேயே உட்கார்ந்து வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி குடிச்சிட்டு வாங்க மகள்," என்று அவளைப் பின்வாசல் தண்ணீர்ப் பீலிக்கு அனுப்பினார்.

பின்கதவு ஒடுக்கமானது. பெரியாயி அதன் அருகே போனதும் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பினாள். வலது கையை உயர்த்தினாள். நிலைக்கட்டைக்கும் தன் இடது தோளுக்கும் நடுவில் ஒன்றுமில்லாத இடத்தை உள்ளங்கையால் மெல்ல மூடிக்கொண்டு, வெளியே போனாள். திரும்பி வரும்போதும் அப்படியே செய்தாள்.

இத்ரூஸ் எழுந்து நின்றுவிட்டார். லயத்துக் காம்பராக் கதவுகள் எல்லாமே குட்டை, ஒடுக்கம். இடுப்பில் பிள்ளை வைத்திருக்கிற எவளும் பிள்ளையின் தலை நிலையில் இடித்துவிடாமல் இப்படித்தான் கை கொடுத்துப் போவாள். அந்த வருஷம், வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் பால்மா நின்றுபோனதும், தாய்மார் அவர்களை அங்கே விடாமல் மூத்த பெண் பிள்ளைகளின் இடுப்பில் ஏற்றிவிட்டு மலைக்குப் போனார்கள். பெரியாயி பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுத் தம்பி சிவஞானத்தைப் பத்து மாதம் சுமந்திருக்கிறாள். அவனைத்தான் சின்னராசா வாரிக் கொடுத்தது.

மனம் கலங்கினால் இத்ரூஸுக்குத் தோட்டத்துப் பேச்சு போய் வீட்டுப் பேச்சு வந்துவிடும். பிள்ளைக்கு முன்னால் குந்தினார். "மகள், தம்பி இப்ப எங்க ஈக்கிறாரு?"

அவள் தாடையால் தன் இடது பக்கத்தைக் காட்டினாள்.

"எறக்கி வைக்கிற இல்லையா?"

"மாட்டேன்." குரல் உள்ளேயிருந்து வந்தது. "அன்னைக்கி எறக்கி வச்சேன். பாண்டி வெளையாடுறதுக்கு. அன்னைக்கிச் சாயங்காலந்தான் அவனுக்கு வயித்தால போச்சு. நான் எறக்கி வச்சேன்ல, அதான்."

"இல்ல மகள். அது தண்ணியால வந்த நோவு. அந்தக் கெழம ஒங்கட லயத்துல மூணு புள்ளைக்கி வந்திச்சு. ஒண்ணு தாய்ட மடிய விட்டு எறங்காத புள்ள. அதுக்கும் வந்திச்சுத்தானே?"

கேட்டுக்கொண்டாள். ஆனால் கை தளரவில்லை. இடது கை வளைந்தபடி, விரல்கள் எதையோ தாங்கியபடி. சொல்லால் ஆகாது என்று அவருக்குத் தெரிந்தது. நான்கு பெண் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர். பிள்ளையைத் தூக்கித் தூக்கிக் கை அசந்தவர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், இன்னொரு ஆள் வந்து வாங்கிக்கொள்வது.

இரண்டு கையையும் நீட்டினார். "ரொம்ப நேரமாத் தூக்கிட்டீங்க. கொஞ்சம் எனக்கிட்ட தாங்களேன். நான் எறக்கி வைக்க மாட்டன்."

பெரியாயி யோசித்தாள். அவருடைய கைகளை, பிறகு கோட்டை, பிறகு முகத்தைப் பார்த்தாள். "தல நிக்காதுங்க, தூங்கிட்டா," என்றாள். இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் எடுத்து, கவனமாக அவர் கையில் வைத்தாள். இத்ரூஸ் வாங்கி, இடது பக்கம் சாய்த்து, கையை வளைத்துக் கொண்டார்.

வெளியே லொறிக்காரன் ஹோர்னை அடித்தான். துணி மூட்டையோடு வாசலில் வந்து நின்ற சின்னராசா, டிஸ்பென்சர் ஐயா ஒரு பக்கம் சாய்ந்து வெறுங்கையைத் தொட்டில் போல வளைத்து நிற்பதைக் கண்டு மூட்டையைக் கீழே வைத்தான்.

"லொறி போகட்டும்," என்றார் இத்ரூஸ். "கோடாங்கியும் வேணாம். கெழமைக்கி ஒருக்கா நான் இவட இடுப்பப் பாப்பன். நூல் அளவு வித்தியாசம் ஈந்தாலும் நானே கூட்டிட்டுப் போவன். அதுக்கு நான் பொறுப்பு."

லொறி இறங்கும் சத்தம் வளைவு வளைவாகக் குறைந்து மூட்டத்துக்குள் அடங்கியது. பெரியாயி வாசல் பக்கம் நாலடி நடந்தாள். நின்று திரும்பிப் பார்த்தாள். அவர் கையை அப்படியே வைத்திருந்தார். இன்னும் நாலடி போனாள். இடுப்பு பாதி வழிக்கு நிமிர்ந்திருந்தது. மறுபடி திரும்பிப் பார்த்தாள். பிறகு படியில் போய் உட்கார்ந்துகொண்டு, கண்ணை எடுக்காமல் அவரையே கவனித்தாள்.

அந்த நேரம் பார்த்து மலையில் வேலை செய்யும் ரெங்கம்மா, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட விரலோடு ரத்தம் சொட்டச் சொட்ட உள்ளே வந்தாள். இத்ரூஸ் வலது கையால் மருந்து வைத்தார். துணியைச் சுற்ற இரண்டு கை வேண்டும். ஒரு கணம் படியைப் பார்த்தார். பிறகு குனிந்து, துணியின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு முனையை ஒற்றைக் கையாலேயே விரலைச் சுற்றி இழுத்துக் கட்டினார்.