சென்ட்ரிங் கழற்றாத மேஸ்திரி

பெரிய மேஸ்திரி ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் அந்த ஊரில் அவர் கைபடாத மாடி வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சிமென்ட் சட்டி தூக்கி வந்தவர், கூரைக் கான்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கி நிற்கும் சென்ட்ரிங் தகடும் முட்டுக் கம்பும் சொந்தமாக வைத்திருக்கும் அளவுக்கு நிமிர்ந்தார். யாருக்கும் கும்பிடு போட்டு வாங்கியதல்ல. இதை அவரே ஓயாமல் சொல்லுவார், சொல்லட்டும், உண்மைதானே!

அப்பேர்ப்பட்டவரின் மகள், புருஷன் பிள்ளைகளோடு ஒற்றை அறை வாடகை வீட்டில் நசுங்கிக் கிடந்தாள். மனை விலை ஏறிய ஏற்றத்தில், ஊருக்கெல்லாம் கட்டியவரால் மகளுக்குக் கையகல நிலம் வாங்க முடியவில்லை.

அப்போதுதான் ஏழைகளுக்கு வீடு கட்டும் நகராட்சிகளுக்கு அரசு ஊக்க மானியம் அறிவித்தது. மகளுக்கும் ஒரு வீடு ஒதுக்கினார்கள். கூரை போடும் வேலை மேஸ்திரிக்கே வந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

மானியத்துக்கு விதிமுறை எழுதிய மகராசன், கூரை இருந்தால் கீழே சுவரும் இருக்கும் என்று நினைத்துவிட்டான் போலும். கூரை போட்டதைப் படம் பிடித்து அனுப்பினாலே மானியம் வந்தது. நகராட்சிக்காரர்கள் விடுவார்களா? தூண் நிறுத்து, கூரை போடு, படம் எடு, அடுத்த மனைக்கு ஓடு. வரிசை முழுக்க நாலு காலில் கூரைகள். மாட்டுக் கொட்டகைக்காவது ஒரு பக்கம் தட்டி கட்டுவார்கள்.

வரிசையில் கடைசி வீடு மகளுடையது. அங்கே கூரை போட்டு, கான்கிரீட் இறுகக் காத்திருந்தபோது, ஜன்னலுக்குத் திரை அளவெடுக்க அவள் நாடாவோடு வந்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"எதப்பா அளக்கிறது?" என்றாள்.

மேஸ்திரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மறுவாரம் நகராட்சிப் பொறியாளர் வந்து நின்றார்.

"மேஸ்திரி, இறுகிடுச்சில்ல? கழட்டுங்க. இதே தகட்ட வச்சு மாசக் கடைசிக்குள்ள அடுத்த வரிசைக்குக் கூரை போடலைன்னா மானியம் போயிடும்."

"வரிசைக்கெல்லாம் சுவர் வரட்டும் சார், கழட்டறேன்."

"சுவர் உங்க வேலை இல்லையே."

"கழட்டறது என் வேலைதானே?"

போலீஸ் என்று மிரட்டினார்கள். வேறு ஆட்களிடம் சென்ட்ரிங் கேட்டு அலைந்தார்கள். அத்தனை பேரும் மேஸ்திரியிடம் தொழில் கற்றவர்கள், ஒருவரும் அசையவில்லை. கடைசியில் மகள் வீட்டுக்கு மட்டும் ஒரு லாரி செங்கல் இறக்கி, இனியாவது கழற்றுங்கள் என்று இளித்தார்கள்.

"என் பொண்ண வச்சு என்னையே வெலைக்கு வாங்கறீங்களா?" என்று சீறியவர், தன் ஆட்களை விட்டு அந்தச் செங்கலை முதல் வீட்டுக்கு மாற்றினார். மகள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"உங்க வீறாப்புக்கு என் வீடுதான் கெடச்சுதா?" என்றவள், அதன்பின் அவரோடு பேசவில்லை.

மாசக் கடைசி நெருங்க நெருங்க நகராட்சிக்காரர்களுக்கு வியர்த்தது. லாரிகள் வந்தன, கொத்தனார்கள் வந்தார்கள், முதல் வீட்டிலிருந்து சுவர் எழும்பியது. மகள் வீட்டுச் சுவர் எழும்பிய பிறகே மேஸ்திரி கடைசி முட்டுக் கம்பைத் தட்டி எடுத்தார்.

மகள் வந்தாள். பேசாமல் நாடாவின் ஒரு முனையை அவர் கையில் திணித்து, அளந்தாள்.

"ஜன்னல் சின்னது," என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டே.