இறால் வாங்கப் போனவர்

வார்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆய்வுகூடத்திலிருந்து அழைப்பு வந்தது. “தவராசா அண்ணன் போயிட்டார், டொக்டர்.”

“எங்க போனவர்? எனக்கு ரெண்டு ரிப்போர்ட் வரக் கிடக்கு,” என்று சீறினேன். மறுமுனையில் அழுகை கேட்ட பிறகுதான் விளங்கியது. நெஞ்சுவலி, கொண்டுவரும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். அவரைப் பற்றி நான் கடைசியாகச் சொன்னதும் ஓர் ஏச்சுத்தான்.

ஆய்வுகூடத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், எனக்கும் அவருக்கும் பத்து வருடச் சண்டை. நோய் விபரம் எழுதாத படிவத்தைத் திருப்பி அனுப்புவார். “ஆரெண்டு தெரியாத ரத்தத்திட்ட நான் என்னத்தக் கேக்கிற?” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருமுறை வாகரைப் பக்கத்து மீனவர் ஒருவர் மஞ்சள் கண்ணோடு வந்தார். அவருடைய சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன். சீசனில் பாசிக்குடா ஹோட்டல்களிலும் வேலை செய்பவர். குடிப்பதில்லை என்று மனைவியின் வயிற்றிலிருந்த ஏழு மாதப் பிள்ளைமீது சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. காமாலைக் கிருமிகள் இல்லை, எலிக்காய்ச்சல் இல்லை, ஸ்கானில் அடைப்பும் இல்லை. ஈரல் நொதியங்களில் ஒன்று மட்டும் மற்றவற்றை விட்டு எங்கோ ஏறி நின்றது. சிபிலிஸ், ஊரில் மேகநோய் என்பார்களே, அது ஈரலையும் வீங்க வைக்கும் என்று படித்த ஞாபகம். ஒப்புக்கு அந்தப் பரிசோதனையையும் எழுதினேன். ‘இல்லை’ என்று வந்தது. சாராயம்தான் என்று முடிவுகட்டி, கடுமையாகவும் பேசிவிட்டேன். மனிதர் ரோசக்காரர். தன் பொறுப்பில் போவதாகக் கையெழுத்து வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை தவராசா அண்ணன் வார்டுக்கே வந்தார். “அந்தாள்ர உள்ளங்காலப் பாத்தீங்களா, டொக்டர்?” பார்க்கவில்லை. “நோயை எதிர்க்கிற சரக்கு ரத்தத்தில அளவுக்கு மிஞ்சினா சோதினை ஏமாத்தும். நீங்க அதிசயமாப் படிவத்த நிரப்பி அனுப்பினீங்க, அந்த நொதியத்தை வாசிச்சன், மனம் ஒப்பல்ல. உப்புத்தண்ணி விட்டு ஐதாக்கிப் பாத்தன். பதினாறு மடங்கிலயும் பிடிக்குது, மேகநோய்தான்.”

மீனவருக்கு ஊசியில் மாறிவிடும். பிள்ளைக்கு? மனைவிக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் செய்த பரிசோதனையில் ஒன்றுமில்லை. பிறகு தொற்றியிருந்தால், ஒவ்வொரு நாளும் பிள்ளைக்கு ஆபத்து. அவர் போன் எடுக்கவில்லை. சுகாதாரப் பகுதி ஜீப்பை அனுப்பப் போனேன். அண்ணன் மறித்தார். “ஜீப் போனா ஊர் கதைக்கும். மறுகா அவங்க ரெண்டு பேரும் அங்க இருக்கேலாது. நான் அந்தாள்ர வீட்டுக்கு இறால் வாங்கப் போறன்.”

மோட்டார்சைக்கிளில் போனார். அந்த மனிதர் காமாலைக்குக் கீழ்காய்நெல்லிச் சாறு குடித்துக்கொண்டு படுத்திருந்தாராம். பின்னேரம் மூன்று மணிக்குப் புருசனும் பெண்சாதியும் என் முன்னால் நின்றார்கள். அவருடைய உள்ளங்காலில் செம்பு நிறப் புள்ளிகள். மன்னிப்புக் கேட்டேன். மனைவிக்கும் தொற்றியிருந்தது. இருவருக்கும் பென்சிலின் ஊசி போட்டோம். ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வரலாம், வயிற்றுவலியும் வரலாம் என்று அவளை வார்டிலேயே வைத்திருந்தோம். சில வாரங்களில் அவருடைய ஈரல் தேறியது. பெண் குழந்தை பிறந்தது. மாதக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தோம், பிள்ளைக்கு ஒன்றுமில்லை. “ஐதாக்கியும் பாத்திட்டன்,” என்றார் அண்ணன்.

இன்று ஒரு பரிசோதனை விடை என் எண்ணத்தோடு அப்படியே ஒத்துப்போனால் எனக்குப் பயம் பிடிக்கிறது. அந்தப் பயம் அவர் தந்தது. அதை நான் விடமாட்டேன்.

செத்தவீட்டுக்கு அந்தக் குடும்பமும் பிள்ளையோடு வந்திருந்தது. அண்ணனின் மச்சாள் ஒருத்தி, “நீங்க ஆரு, எவடம்?” என்று கேட்டாள்.

“அண்ணன் எங்கட்ட இறால் வாங்குறவர்,” என்றார் அந்த மனிதர்.

பக்கத்திலிருந்த அண்ணனின் மனைவி பரமேஸ்வரி அக்கா தலைநிமிர்ந்தார். இறால் பட்டாலே அண்ணனுக்கு உடம்பெல்லாம் தடிக்கும். அந்த வீட்டில் இறால் சமைத்ததே இல்லை. அக்கா பிள்ளையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“ஓம்கா, வாங்குறவர்தான்,” என்றார் மச்சாளிடம். “நல்ல இறால்.”