வாளிக்குள் ஒரு கை

புக்கிட் காத்தில் என்ற குடியிருப்பில் நாங்கள் சேர்ந்து போட்ட காய்கறித் தோட்டத்தின் உரக்குழியை அங்கேயே குடியிருந்த ஒருவர் பார்த்துக்கொண்டார். ஒல்லியான மனிதர். வீடுகளிலிருந்து வரும் கழிவைக் கொட்டுமுன் வாளிக்குள் கையைவிட்டு, கண்ணை மூடி நிற்பார்.

ஒரு சனிக்கிழமை காலை என் வாளியில் வெங்காயத்தோலும் தேயிலைச் சக்கையும்தான் இருந்தன. சமைத்ததைப் போடக்கூடாது என்பது தோட்ட விதி.

“அண்ணே, அக்கா சாப்பிடுறதே இல்ல போல. டாக்டர்கிட்ட காட்டுங்க லா” என்றார்.

“வெங்காயம் சொல்லுச்சா?” என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

வீட்டில் மனைவியை விசாரித்தேன். பத்து நாளாக விழுங்க முடியாமல், எனக்குத் தெரியாமல் சோற்றைக் குப்பையில் கொட்டியிருக்கிறாள். தொண்டையில் கட்டி, நல்லவேளையாக நேரத்தோடு எடுத்துவிட்டார்கள்.

எப்படித் தெரிந்தது என்று கேட்க மூன்று முறை போனேன். மூன்று முறையும் அவர் கை வேறொருவர் வாளிக்குள் இருந்தது. கண்ணை மூடி, எதையோ காதுகொடுத்துக் கேட்பது போலிருந்த அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்காமலே திரும்பிவிட்டேன்.