முன்னேற்றத்தை வாயாலை சொல்லாத வீடு

முன்னேற்றம் எண்ட சொல்லோடை எனக்குக் கனகாலப் பழக்கம். நான் பள்ளிக்கூடத்து ரீச்சர். தவணை முடிய ஒவ்வொரு பிள்ளையின்ரை அறிக்கையிலும் அந்தச் சொல்லை எழுதி எழுதியே என்ரை விரல் தேஞ்சிருக்கும். கெட்டிக்காரிக்கு ‘நல்ல முன்னேற்றம்’. குழப்படிகாரனுக்கு ‘முன்னேற இன்னும் இடமுண்டு’. தாய் தேப்பனுக்கு நோகாமல் சொல்ல வேறை வழி? ரோட்டுக்கரையிலை பலகை நடுற ஆக்களுக்கு அதுதான் அபிவிருத்தி. பலகை வந்து, ரோட்டு இன்னும் வராத ஒழுங்கையளும் எங்களிட்டை இருக்கு. எல்லாற்றை வாயிலையும் தாராளமாய் வாற இந்தச் சொல்லு, நான் கலியாணம் செய்து வந்த வல்வெட்டித்துறை வீட்டிலை மட்டும் வராது.

நான் தெல்லிப்பழைப் பக்கத்து வேதக்கார வீட்டுப் பிள்ளை. எங்கடை செபக்கூட்டத்திலை எழும்பி நிண்டு, “மகளுக்குக் காய்ச்சல் விட்டிட்டுது, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!” எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்லவேணும். சொல்லாட்டி நன்றியில்லாத சனம் எண்டுவினம். இஞ்சை எல்லாம் தலைகீழ். பிள்ளை கொழுகொழு எண்டு இருந்தால் “மெலிஞ்சு போச்சு” எண்டு சொல்லவேணும். தோணி நிறைய மீன் பட்டாலும் “ஏதோ கறிக்குக் காணும்.” நல்லதை வாய்விட்டுச் சொன்னால் நாவூறு பட்டிடுமாம். ஆரோ ஒராளின்ரை கண்ணும் வாயும் பட்டு, வந்த நல்லது வந்த வழியாலையே திரும்பிப் போயிடுமாம். என்ரை மச்சாள், என்ரை மனிசன்ரை மூத்த அக்கா, இந்த விசயத்திலை வீட்டுக்குக் காவல்காரி.

போன மாரியிலை மனிசனுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் முழுக்க விழுந்துபோச்சு. போட் எஞ்சினைக் கழட்டிப் பூட்டுற கை, கரண்டி பிடிக்க ஏலாமல் கிடந்தது. கிழமைக்கு ரண்டு தரம் ஆஸ்பத்திரியிலை வேலை செய்யிற ஒரு பொம்பிளைப்பிள்ளை கைகாலுக்குப் பயிற்சி குடுத்தா. மற்ற நாளிலை வீட்டிலை நான் பிடிச்சு வைச்சுச் செய்விப்பன். ஒருநாள் காலமை, ஐயோ கடவுளே, கால் பெருவிரல் அசைஞ்சுது! நான் போட்ட கூச்சலிலை பக்கத்து வளவு நாய் குலைக்கத் துவங்கிட்டுது. மச்சாள் ஓடிவந்து என்ரை வாயைப் பொத்தினா.

“உனக்கென்ன விசரே? ஏன் ஊரைக் கூட்டுறாய்?”

பிறகு யன்னலைச் சாத்திப்போட்டு, அவாவும் கட்டிலடியிலை குந்தியிருந்து அந்த விரலைப் பார்த்துப் பார்த்து அழுதா.

அதுக்குப் பிறகு எனக்கு நாளெல்லாம் திருவிழாதான். முழங்கால் மடிஞ்சுது. சுவரைப் பிடிச்சு எழும்பினார். கட்டிலிலை இருந்து வாசல்படி மட்டும் ஏழு அடி, பிடியில்லாமல் நடந்தார்! எனக்குச் சொல்ல ஒராளில்லாமல் நெஞ்சு வெடிச்சிடும் போலை இருந்துது. ஆரும் பார்க்க வந்து படலை திறக்கிற சத்தம் கேட்டால் போதும், நடந்துகொண்டு நிண்ட மனிசன் அவசரமாய்த் தத்தித் தத்திப் போய்க் கட்டிலிலை விழுந்திடுவார். “எப்பிடி?” எண்டு கேட்டால் மச்சாள் பெருமூச்சு விட்டு, “அப்பிடியேதான் கிடக்கிறான்” எண்டுவா. எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாது. நானும் பேசாமல் இருந்தன். அதுதான் நான் விட்ட பிழை.

பள்ளிக்கூடத்திலை சோதினை நடந்த கிழமையளிலை மச்சாள்தான் அவரைச் சக்கர நாற்காலியிலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவா. சோதினை முடிஞ்சு நான் கூடப் போனன். பயிற்சி குடுக்கிற பிள்ளை கொப்பியைத் திறந்து காட்டினா. நாலு தரம் ஒரே வசனம்: முன்னேற்றம் இல்லை.

“கேட்டால் அக்கா ஒரு மாற்றமும் இல்லையெண்டுறா. காலைத் தூக்கச் சொன்னால் ஐயாவும் தூக்கிறாரில்லை. இண்டைக்கும் இப்பிடியெண்டால் இவற்றை இடத்தை வேறை ஆளுக்குக் குடுக்கவேணும். காத்திருக்கிற ஆக்கள் கனக்க.”

எனக்குக் கொதி உச்சிக்கு ஏறிச்சுது. “என்ன மச்சாள் செய்து வைச்சிருக்கிறியள்?” எண்டு கத்திப்போட்டன். அவா கண்ணாலை பின்பக்கத்தைக் காட்டினா. கதவில்லாத கூடம். வாங்கு நிறையச் சனம். குருநகர்ப் பக்கத்து மீன்காரப் பொம்பிளையள் நாலுபேர், எங்கடை ஊர் ஆக்கள் ரண்டுபேர். எல்லாற்றை கண்ணும் எங்களிலை.

“இஞ்சருங்கோ, எழும்புங்கோ” எண்டன். அவர் என்னைப் பார்க்கேல்லை. அக்காவைப் பார்த்தார்.

“மச்சாள், நீங்கள் சொன்னால்தான் அவர் எழும்புவார். இண்டைக்கு நிப்பாட்டினால் இவ்வளவும் பாழ். அந்தக் கை இனி ஒரு எஞ்சினையும் தொடாது. சொல்லுங்கோ!”

மச்சாள் வாங்கையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு சக்கர நாற்காலிக்குக் கிட்டக் குனிஞ்சா.

“தம்பி, எழும்படா.”

எழும்பினார்! கையாலை ஊண்டி, மெல்ல நிமிந்து, என்னைத் தொடவேண்டாமெண்டு தலையாட்டிப்போட்டு நிண்டார். நான் வாங்குப் பக்கம் பெருமையாய்த் திரும்பினன். ஒருத்தரும் பார்க்கேல்லை! ஒருத்தி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தா. ஒருத்தி தலைக்கு மேலை சுத்துற காத்தாடியைப் பார்த்தா. இன்னொருத்தி மடியிலை இருந்த பிள்ளையின்ரை கண்ணைச் சீலைத் தலைப்பாலை மூடினா. என்ன சனமப்பா எண்டு வாய்வரைக்கும் வந்திட்டுது. பிறகுதான் விளங்கிச்சுது. முன்பின் தெரியாத என்ரை மனிசனிலை தங்கடை கண் படக்கூடாதெண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கினம்.

அவர் ஒரு அடி வைச்சார். ரண்டு. மூண்டு. பயிற்சிப் பிள்ளை மட்டும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தா. எட்டாவது அடி வைக்கேக்கை எனக்குப் பக்கத்திலை ஒரு சத்தம் வெடிச்சுது.

“எழுது பிள்ளை! என்ரை தம்பி நடக்கிறான் எண்டு எழுது!”

மச்சாள்! அழுகையும் சிரிப்புமாய், மூக்கு வழிய, வாங்குப் பக்கம் திரும்பி ரண்டு கையையும் விரிச்சா.

“ஏன் எல்லாரும் அங்காலை பார்க்கிறியள்? இஞ்சை பாருங்கோ! வடிவாப் பாருங்கோவன், என்ரை தம்பியை!”